முதல் 15 நாளை யார் பார்த்துக்கொள்வது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிட்னி பழுதானவர்களைப் பற்றி உங்கள் நாளிதழில் அவ்வப்போது செய்தி வருகிறது, இந்த ஊரில் புதிதாக டயாலிசிஸ் எந்திரம் வைத்தார்கள், அந்த ஊரில் படுக்கை கூட்டினார்கள் என்று. நல்ல செய்திதான். ஆனால் வீட்டில் வைத்தே வயிற்றுக்குள் தண்ணீர் விட்டு எடுக்கிற டயாலிசிஸ் பற்றி, அதிலும் அதை முன்கூட்டித் திட்டமிடாமல் அவசர அவசரமாக ஆரம்பிக்கும்போது வீட்டில் உள்ளவர்கள் என்ன பாடு படுகிறார்கள் என்பது பற்றி, ஒரு வரி படித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. எங்கள் அப்பச்சிக்கு (இந்தப் பக்கம் நாங்கள் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) போன வருடம் அப்படித்தான் ஆரம்பித்தது. பட்டதை எழுதினால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் யாராவது ஒரு குடும்பத்துக்காவது பயன்படும் என்றுதான் இந்தக் கடிதம். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பச்சிக்கு சுகர் இருபது வருடத்துக்கு மேல், பிரஷரும் உண்டு. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில் இருந்து காவடியோடு பழனிக்கு நடப்பவர். போன தை மாதமும் நடந்தார். வந்ததில் இருந்து கால் வீக்கம். நடந்த கால், அப்படித்தான் இருக்கும் என்று அவரும் சொன்னார், நாங்களும் நம்பினோம். வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கி வாங்கிப் போட்டார், அதுவும் கிட்னிக்கு ஆகாத வலி மாத்திரை என்பது பிறகுதான் தெரிந்தது. பங்குனி கடைசியில் சோறு பிடிக்கவில்லை, வாயில் என்னவோ வாடை என்றார், வாந்தி, உடம்பெல்லாம் அரிப்பு, பகலிலேயே தூக்கம். இரத்தம் பார்த்தால், கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 9.8க்கு ஏறியிருந்தது. சுகர் மாத்திரையை மாசாமாசம் ஒழுங்காக வாங்கினவர்தான், ஆனால் கிரியாட்டினினும் சிறுநீரில் புரதம் போகிறதா என்பதும் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று என்று கேட்டார் டாக்டர், எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

இன்னும் சில நாளில் டயாலிசிஸ் ஆரம்பித்தே ஆக வேண்டும் என்றார்கள். இரத்த டயாலிசிஸ் என்றால் கையில் இரத்தக் குழாய்களை இணைத்து ஆபரேஷன் செய்ய வேண்டும், அது பக்குவமாக வாரக் கணக்கில், சிலருக்கு மாதக் கணக்கில் ஆகும், அதுவரை கழுத்தில் தற்காலிகக் குழாய். அந்தக் கழுத்துக் குழாய் வழியாக இரத்தத்திலேயே கிருமி ஏறுகிற ஆபத்து இருக்கிறது. அதோடு அப்பச்சிக்கு இருதயம் கொஞ்சம் பலவீனம், வாரம் மூன்று தடவை நாலு மணி நேரம் எந்திரத்தில் போடுவது தாங்குமா என்று யோசித்தார்கள். மூச்சுத் திணறலும் இல்லை, பொட்டாசியமும் உயிருக்கு ஆபத்தான அளவில் இல்லை, அதனால் வயிற்று டயாலிசிஸுக்குக் குழாய் வைத்து உடனே ஆரம்பிக்கலாம் என்றார் கிட்னி (நெஃப்ராலஜி) டாக்டர். அந்த முடிவில் எனக்கு இன்று வரைக்கும் குறை இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் குழாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது. மெத்தென்ற சிலிகோன் குழாய், நுனி அடிவயிற்றின் பள்ளத்தில் இருக்கும், மறுமுனை தொப்புளுக்குப் பக்கத்தில் வெளியே வரும். நடுவில் பஞ்சு வளையம் மாதிரி இரண்டு பட்டை. ஒன்று வயிற்றுத் தசைக்குள்ளே, இன்னொன்று தோலுக்கு அடியில். நம் உடம்பின் சதை அந்தப் பட்டைகளுக்குள் வளர்ந்து குழாயை இறுகப் பிடித்துக்கொண்டால்தான் உள்ளே விடுகிற தண்ணீர் வெளியே வராது, வெளியே இருக்கிற கிருமி உள்ளே போகாது. சதை பிடிக்க இரண்டு வாரமாவது வேண்டும். அதனால்தான் வழக்கமாகக் குழாய் வைத்த பிறகு 2 வாரம் சும்மா விட்டுவிட்டு அப்புறம் ஆரம்பிக்கிறார்கள். அந்த 2 வாரத்துக்குள்ளேயே ஆரம்பித்தால் அதுதான் அவசர ஆரம்பம். அப்பச்சிக்கு மூன்றாம் நாளே ஆரம்பித்தார்கள்.

மூன்றாம் நாள் ஆரம்பிப்பது தப்பில்லை, ஆனால் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. 2 லிட்டர் பையை முழுதாக விடக் கூடாது, அரை லிட்டரோ முக்கால் லிட்டரோ விட்டு, நாள் போகப் போகக் கூட்ட வேண்டும். தண்ணீர் உள்ளே இருக்கிற நேரம் முழுக்க நோயாளி மல்லாந்து படுத்திருக்க வேண்டும், எழுந்து நடமாடும் நேரத்தில் வயிறு காலியாக இருக்க வேண்டும். ஏனென்றால் படுத்திருக்கும்போதுதான் வயிற்றுக்குள் அழுத்தம் குறைவு. உட்கார்ந்தால் கூடும், நின்றால் கூடும், இருமினாலும் மலச்சிக்கலில் முக்கினாலும் சட்டென்று எகிறும். இதெல்லாம் வார்டில் இருந்தவரை சிஸ்டர்கள் செய்தார்கள், அரை லிட்டரில் ஆரம்பித்து ஒரு லிட்டர் வரைக்கும் கூட்டினார்கள், படுக்க வைத்தே விட்டார்கள். ஆனால் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று எங்களுக்குச் சொல்லவில்லை.

எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். எனக்குப் பயிற்சி கொடுத்தார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். கை கழுவுவதை மட்டும் பத்துத் தடவை செய்து காட்டச் சொன்னார்கள், முகக் கவசம் போடு, ஃபேனை நிறுத்து, சன்னலைச் சாத்து, குழாய் முனையில் விரல் படக் கூடாது, பட்டால் அந்தப் பையைத் தூக்கிப் போடு, தண்ணீர் கலங்கலாக வந்தால் அந்தக் கலங்கல் பையைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே வா. கிருமி வரக் கூடாது என்பது என் மண்டையில் ஆணி அடித்த மாதிரி பதிந்துவிட்டது. கசியும் என்று ஒருவரும் சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் தாளில் நாலாவது பக்கத்தில், ஆங்கிலத்தில், ஒரு வரியில் ஒரு லிட்டர்தான், படுத்த நிலையில்தான், இரண்டு வாரம் என்று இருந்தது. அந்த வரியை நான் படித்தது எல்லாம் நடந்து முடிந்த பிறகு. வீட்டுக்கு வந்து இறங்கிய பெட்டி பெட்டியான பைகள் எல்லாம் 2 லிட்டர். பை 2 லிட்டர் என்றால் விட வேண்டியதும் 2 லிட்டர் என்றுதான் யாரும் நினைப்பார்கள், நானும் நினைத்தேன்.

எங்கள் வீடு பழைய வீடு. வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய இடமும்) முழுக்கப் புறா, உத்தரத்தில் இருந்து தூசியும் இறகும் விழுந்துகொண்டே இருக்கும், அதனால் எங்கள் பங்குக்கு உள்ள அறையைக் கழுவி, பரணில் இருந்ததை எல்லாம் இறக்கி, அதை டயாலிசிஸ் அறையாக்கினோம். சித்திரை வெயில், கதவு சன்னல் சாத்தி, ஃபேன் இல்லாமல் முக்கால் மணி நேரம், வேர்வையில் நானும் அப்பச்சியும். தண்ணீர் விட்டு முடித்ததும் அவர் எழுந்து வெளியே போய் முகப்பில் உட்கார்ந்துகொள்வார். உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள் காலையிலும் சாயங்காலமும் வந்துகொண்டே இருந்தார்கள், ஒவ்வொருவரையும் வாசல் வரைக்கும் போய் வழியனுப்பாமல் அவருக்கு ஆகாது. வயிற்றில் 2 லிட்டரோடு. பத்து நாள்கூட ஆகாத குழாயோடு. இருமல் வேறு. கழிப்பறை பின்கட்டில், அங்கே போய் அரை மணி நேரம் கஷ்டப்பட்டுவிட்டு வருவார், அதையும் வெளியே சொல்ல மாட்டார்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் விடியற்காலை, அறையில் விளக்கைப் போட்டேன். ஆத்தங்குடிக் கல் தரையில் நிலைப்படி ஓரமாக ஆரம்பித்துக் கட்டில் கால் வழியாக மேலே ஏறி, அப்பச்சியின் வேட்டி ஓரம் வரைக்கும் ஒரு வரிசை எறும்பு. சின்ன எறும்பு, சர்க்கரை டப்பாவில் மொய்க்குமே, அது. வேட்டியை விலக்கினால் குழாய் வெளியே வருகிற இடத்தில் ஒட்டியிருந்த பஞ்சுத் துணி ஈரம், ஓரத்தில் பிசுபிசுப்பு, அதைச் சுற்றித்தான் எறும்பு. வேர்வை என்றார் அப்பச்சி. வேர்வைக்கு எறும்பு வராது. உள்ளே விடுகிற தண்ணீரில் குளுக்கோஸ் இருக்கிறது, அந்தக் குளுக்கோஸ்தான் உடம்பில் இருக்கிற அதிகப்படி நீரை இழுத்து எடுக்கிறது, அது எனக்குத் தெரியும். சுகர் பார்க்கிற மெஷினை எடுத்து அந்த ஈரத்தில் ஒரு சொட்டை வைத்துப் பார்த்தேன், 487. விரலில் குத்திப் பார்த்தால் 168. அதற்குமேல் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. (அந்த மெஷின் இரத்தத்துக்கானது, இதற்குச் சரியாகக் காட்டும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பிறகு டாக்டர் சொன்னார். அவர்கள் சிறுநீரில் சர்க்கரை பார்க்கிற பட்டையைத் தொட்டுப் பார்த்து உறுதி செய்தார்கள்.)

அதற்கு முந்தின நாளே எனக்கு ஒரு அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். விட்டது 2 லிட்டர், திரும்பி வந்தது ஒன்றரைக்கும் குறைவு. உடம்பு உறிஞ்சியிருக்கும் என்று நினைத்தேன். இன்னொன்று, இதைப் பத்திரிகையில் எழுதலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் கூச்சத்தால்தான் எங்களுக்கு இரண்டு நாள் வீணாயிற்று. தண்ணீர் வெளியே மட்டும் கசியாது, வயிற்றுச் சுவருக்குள்ளேயும் கசியும், ஒரு பக்கம் மட்டும் வயிறு உப்பும், ஆண்களுக்கு விதைப்பை வீங்கும், பெண்களுக்கும் அந்த இடத்தில் வீக்கம் வரும். அப்பச்சிக்கு வீங்கியிருந்தது. மகளிடம் எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, எறும்பு காட்டிக்கொடுத்த பிறகுதான் என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கவனித்துக்கொள்பவர் பெண் என்றால் ஆண் துணை ஒருவரும், ஆண் என்றால் பெண் துணை ஒருவரும் தினம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வார்டு நம்பருக்குப் போன் போட்டேன். அன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை ஓ.பி.க்கு வாருங்கள் என்று வைத்துவிட்டார்கள். எடுத்தவர் கசிவு என்ற வார்த்தையைச் சரியாகக் காதில் வாங்கினாரா என்றே எனக்குத் தெரியவில்லை. நாங்கள் காத்திருக்கவில்லை, கார் எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்குமேல் ஓட்டி, மதுரை ஆஸ்பத்திரிக்கே போய் நின்றோம். போனது நல்லதாயிற்று. அந்த ஈரமான வழிதான் கிருமிக்கும் வழி, குழாயைச் சுற்றி ஆரம்பித்து வயிற்றுச் சவ்வு வரைக்கும் போய்விடும் என்றார் டாக்டர். வயிற்றில் இருந்த தண்ணீரை எல்லாம் எடுத்துவிட்டு வயிற்று டயாலிசிஸை 10 நாள் நிறுத்திவைத்தார்கள். அந்த 10 நாளுக்கு என்ன செய்வது? எந்தக் கழுத்துக் குழாய் வேண்டாம் என்று இந்த வழிக்கு வந்தோமோ அதே கழுத்துக் குழாயைப் போட்டு இரத்த டயாலிசிஸ் செய்தார்கள். அப்பச்சி முதல் தடவையே எந்திரத்தில் பிரஷர் இறங்கி மயங்கிப் போனார். அன்றைக்கு அந்த வராந்தாவில் நான் நின்ற நிலையை எழுத எனக்குத் தெம்பு இல்லை.

பத்து நாளில் காய்ந்தது. திரும்பவும் அரை லிட்டரில் இருந்து, படுக்க வைத்து, மெதுவாக. சரி, முடிந்தது என்று வீட்டுக்கு வந்தால் அடுத்த வாரம் தண்ணீர் உள்ளே போகிறது, வெளியே வர மாட்டேன் என்கிறது. எக்ஸ்ரே எடுத்தால் குழாயின் நுனி அடிவயிற்றில் இருந்து மேலே ஒரு பக்கமாக ஏறியிருக்கிறது. காரணம் மலச்சிக்கல்தான், குடல் நிறைந்து குழாயைத் தள்ளிவிடும். இதற்குக் கத்தி வைக்க வேண்டி வருமோ என்று பயந்தோம், வயிறு இளக மருந்து கொடுத்தார்கள், இரண்டு நாளில் நுனி இறங்கித் தண்ணீர் சரளமாக வந்தது. எல்லாருக்கும் இப்படி மருந்திலேயே சரியாகிவிடாது. சிலருக்குக் குடலின் மேல் இருக்கிற கொழுப்புத் திரை வந்து குழாயைச் சுற்றிக்கொள்ளும், சிலருக்குத் தண்ணீரில் வெள்ளை நூல் மாதிரி திரிந்து குழாயை அடைக்கும், முதல் சில நாள் தண்ணீர் இளஞ்சிவப்பாக வருவதும் உண்டு. இளஞ்சிவப்பு பெரும்பாலும் தானே தெளியும், கடும் சிவப்பாக வந்தால் காத்திருக்கக் கூடாது. கலங்கலாக, அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வந்தால் ஒரு மணி நேரம்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது, வயிற்று வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அப்படியானால் அவசரமாக ஆரம்பிப்பதே தப்பா என்று டாக்டரிடம் நான் நேராகவே கேட்டேன். இல்லை என்றார். இதைப் பற்றி நடந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து காக்ரேன் என்ற அமைப்பு 2020-இல் ஒரு தொகுப்பு வெளியிட்டிருக்கிறதாம். 2 வாரம் காத்திருந்து ஆரம்பிப்பவர்களைவிட அவசரமாக ஆரம்பிப்பவர்களுக்குக் கசிவு கூடுதலாக வரலாம், கிருமித் தொற்று, குழாய் அடைப்பு போன்ற மற்றவற்றில் பெரிய வித்தியாசம் உண்டு என்று சொல்லும் அளவுக்கு உறுதியான சான்று இல்லை, இவ்வளவுதான் அதன் சாரம் என்று விளக்கினார். நான் புரிந்துகொண்டது, கசிவுதான் இதில் முக்கியமான ஆபத்து, அதுவும் பாதிக்கு மேல் வீட்டில் இருப்பவர்கள் கையில் இருக்கிற ஆபத்து. எவ்வளவு விடுகிறோம், எப்படிப் படுக்க வைக்கிறோம், மலச்சிக்கல் இல்லாமல் பார்த்துக்கொள்கிறோமா, இருமலுக்கு மருந்து கொடுத்தோமா. இதில் எதற்கும் படிப்பு வேண்டாம், சொன்னால் போதும்.

அந்தச் சொல்வது நடக்கவில்லை என்பதுதான் என் முறையீடு. அவசரமாக வயிற்று டயாலிசிஸ் ஆரம்பிக்கிற ஒவ்வொரு மருத்துவமனையும் வீட்டுக்கு அனுப்பும்போது ஒரே ஒரு தாள், தமிழில், பெரிய எழுத்தில் கொடுக்க வேண்டும். இன்றைக்கு இத்தனை மில்லி, இந்தத் தேதிக்கு அப்புறம் இத்தனை மில்லி என்று கையால் நிரப்பி, தண்ணீர் உள்ளே இருக்கும்போது படுத்திருக்கணும் என்று எழுதி, பக்கத்தில் ஒரு படம் போட்டு. அதில் ஒரு போன் நம்பர், சனி ஞாயிறும் ராத்திரியும் விஷயம் தெரிந்த ஒருவர் எடுக்கிற நம்பர். எங்கள் வீட்டில் அப்படி ஒரு தாளை நானே எழுதிக் கட்டிலுக்கு மேல் ஒட்டினேன், கசிந்த பிறகு.

அரசாங்கத்துக்கும் ஒன்று கேட்கிறேன். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்த டயாலிசிஸ் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்க வழி இருக்கிறது. மாதக் கடைசியில் பைக்குப் பணம் புரட்ட முடியாமல் ஒரு நாளைக்கு நாலு தடவை விட வேண்டியதை மூன்றாக, இரண்டாகக் குறைக்கிற குடும்பங்கள் இருக்கிற நாட்டில் இது பெரிய உதவி. அந்தப் பையோடு வருகிற கை, குழாய் வைத்த முதல் 15 நாளில் இரண்டு மூன்று தடவை வந்து துணி ஈரமாக இருக்கிறதா, விட்ட அளவுக்குத் திரும்பி வருகிறதா, எடை ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனால் என்ன? பிரஷரும் சுகரும் பார்க்கப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு நாள் போதும். காரைக்குடியிலோ சிவகங்கையிலோ கசிவைப் பார்த்தவுடன் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த ஒரு சிஸ்டர் இருந்திருந்தால், நோயாளியை வைத்துக்கொண்டு மதுரை வரைக்கும் நாங்கள் ஓடியிருக்க வேண்டாம்.

அதே திட்டத்தின் ஆட்கள்தான் வீடு வீடாக சுகர் மாத்திரையும் கொடுக்கிறார்கள். சுகர், பிரஷர் இருப்பவர்களுக்கு வருடத்துக்கு ஒரு தடவை கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்த்து, அந்த நம்பரை அவர்கள் கையில் இருக்கிற அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டால், கிட்னி இறங்கிக்கொண்டே வருவது வருடங்களுக்கு முன்பே தெரியும். குழாயை ஆற அமர வைக்கலாம், 2 வாரம் காத்திருக்கலாம், இரத்த டயாலிசிஸா வயிற்று டயாலிசிஸா என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு எடுக்கலாம். எங்களுக்கு அந்த அவகாசம் இல்லாமல் போனது வியாதியால் மட்டும் இல்லை.

வாசகர்களுக்கு இன்னும் சில, எங்கள் வீட்டில் பட்டுத் தெரிந்தவை. குழாய் வைத்த இடம் ஆறும்வரை தலைக்குக் குளிக்க வைக்கிறேன் என்று தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஊரணியில் முங்குவது என்றைக்குமே கூடாது. குழாயை இழுபடாமல் வயிற்றோடு ஒட்டி வையுங்கள், பனியன் கயிறு, அரைஞாண், வேட்டிக் கட்டு எதுவும் அதன்மேல் இறுகக் கூடாது. பையைச் சூடாக்க வெந்நீரில் போடாதீர்கள், நம் ஊர்க் கோடையில் அறையில் இருந்தாலே அநேகமாக உடம்புச் சூடு வந்துவிடும். தண்ணீரோடு புரதமும் வெளியே போகிறது, அதனால் பத்தியம் என்று பட்டினி போடாமல் முட்டை வெள்ளைக்கரு, மீன் எவ்வளவு கொடுக்கலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். சுகர் உள்ளவர்களுக்கு அந்தக் குளுக்கோஸ் தண்ணீரால் இரத்தத்தில் சுகர் ஏறும், ஊசி மருந்தின் அளவு மாறலாம், அதையும் கேளுங்கள். பார்க்க வருகிறவர்களைத் திண்ணையிலேயே உட்கார வைத்துப் பேசி அனுப்புங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அப்பச்சிக்கு இப்போது 14 மாதம் ஆகிறது. 2 லிட்டர், நாலு தடவை, ஒரு சொட்டுக் கசிவு இல்லை. வாசல் வரைக்கும் போய் வழியனுப்புகிறார், இப்போது நான் தடுப்பதில்லை. பழனிக்கு நடக்க மட்டும் விடவில்லை, இந்தத் தை மாதம் காரில் கூட்டிப் போனோம், மதியம் ஒரு பையை மதுரையில் சொந்தக்காரர் வீட்டில் அறையைச் சாத்திக்கொண்டு மாற்றினோம்.

நான் கட்டிலுக்கு மேல் ஒட்டியிருக்கிற தாளின் நகலை இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். எங்கள் டாக்டர் பார்த்துத் திருத்திக் கொடுத்த பிறகு எழுதியது. இடம் இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் கேட்பவர்களுக்கு நகல் எடுத்துக் கொடுங்கள். குழாய் வைத்து வீட்டுக்கு வந்து என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கிற குடும்பம் எதுவானாலும் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம், என் நம்பர் உங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். காலை 6, பகல் 11, மாலை 4, இரவு 10 மணிக்குப் பை மாற்றுவேன், அந்த நேரம் மட்டும் போன் எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி ஒருத்தி,
பள்ளத்தூர்.